பைத்தானில் செலீனியம்: டிரைவரைத் தேடி அலையாமல் நிறுவ

பிரவுசரைப் பைத்தான் கோட் மூலம் தானாக இயக்க உதவும் லைப்ரரி செலீனியம். அதை நிறுவும்போது உபுண்டு 24.04-இல் முதல் தடை பைத்தான் லைப்ரரிகளை நிறுவும் கருவியான பிப்பிலேயே வந்துவிடுகிறது. நேரடியாக 'பிப் இன்ஸ்டால் செலீனியம்' கொடுத்தால் 'எக்ஸ்டர்னலி மேனேஜ்டு என்விரான்மென்ட்' என்று மறுத்துவிடும். சிஸ்டத்தின் பைத்தான் கெட்டுப்போகாமல் இருக்கப் போட்ட பூட்டு அது, உடைக்க வேண்டாம். ப்ராஜெக்ட் ஃபோல்டரில் ஒரு வெர்ச்சுவல் என்விரான்மென்ட் (அந்த ப்ராஜெக்டுக்கு மட்டுமான தனி பைத்தான் சூழல்) உருவாக்கி, ஆக்டிவேட் செய்து, அதற்குள் நிறுவுங்கள். சோதித்துப் பார்க்கும் ஃபைலுக்கு 'செலீனியம்.பை' என்று மட்டும் பெயர் வைக்காதீர்கள். இம்போர்ட் செய்யும்போது பைத்தான் லைப்ரரியை விட்டுவிட்டு அந்த ஃபைலையே எடுத்துக்கொள்ளும்.

அதிகம் பேரை அலைக்கழிப்பது, செலீனியத்தின் கட்டளைகளை குரோமுக்குக் கொண்டு சேர்க்கும் குரோம்டிரைவர்தான். பழைய வழிகாட்டிகள் எல்லாம் அதைத் தனியாக டவுன்லோட் செய்து பாத்தில் (சிஸ்டம் புரோகிராம்களைத் தேடும் ஃபோல்டர்களில்) போடச் சொல்கின்றன. இப்போது அதற்குத் தேவையே இல்லை. 2022-இல் வந்த செலீனியம் 4.6 முதல் செலீனியம் மேனேஜர் என்ற கருவி கூடவே வருகிறது. மெஷினில் இருக்கும் குரோமின் பதிப்பைப் பார்த்து, அதற்குப் பொருந்தும் டிரைவரை அதுவே இறக்கிக்கொள்ளும்.

அப்படியும் 'செஷன் நாட் கிரியேட்டட்' எரர் வந்து, இந்த டிரைவர் குரோம் 114-ஐ மட்டுமே ஆதரிக்கும் என்று சொன்னால், முன்பு எப்போதோ போட்ட டிரைவர் பாத்தில் கிடக்கிறது என்று அர்த்தம். பாத்தில் ஒன்று இருந்தால் மேனேஜர் அதைத்தான் எடுக்கும். 'விச் குரோம்டிரைவர்' கொடுத்தால் இடம் தெரியும். அழித்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். 114 என்ற எண்ணே அடிக்கடி வருவதற்குக் காரணம் உண்டு. பழைய டவுன்லோட் தளம் அந்தப் பதிப்போடு நின்றுவிட்டது. 115 முதல் டிரைவர்கள் வேறு இடத்தில் வெளியாகின்றன.

புரோகிராமைத் தனிப் பெட்டி போன்ற கன்டெய்னருக்குள் ஓட்டும் டாக்கரில், திரை இல்லாததால் ஜன்னல் திறக்காமல் குரோமை இயக்கும் ஹெட்லெஸ் ஆப்ஷன் தேவை. கன்டெய்னரின் ஷேர்டு மெமரி இயல்பாக 64 எம்பிதான்; கனமான பக்கம் திறந்ததும் 'டேப் கிராஷ்டு' என்று விழும். கன்டெய்னரைத் தொடங்கும்போதே அதை 2 ஜிபி ஆக்கிவிடுங்கள். தமிழ்ப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுப்பவர்கள் நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவையும் டாக்கர் இமேஜில் (கன்டெய்னர் உருவாகும் மூலத்தில்) சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் எழுத்துக்குப் பதில் வெறும் கட்டங்கள்தான்.

பக்கத்தில் உள்ள பட்டன் போன்ற எலிமென்ட் கிடைக்கவில்லை என்று எரர் வந்தால் உடனே குறிப்பிட்ட நேரம் சும்மா காத்திருக்க வைக்கும் டைம் ஸ்லீப் போடாதீர்கள். வெப்டிரைவர்வெயிட் அரை விநாடிக்கு ஒருமுறை பார்த்து, எலிமென்ட் வந்ததும் நகர்ந்துவிடும். கடைசியில் ஜன்னலை மட்டும் மூடும் குளோஸ் போதாது, எரர் வந்தாலும் ஓடும் ஃபைனலி பிளாக்கில், பிரவுசரையே முழுதாக நிறுத்தும் குவிட் எழுதுங்கள். அது இல்லாவிட்டால் பாதியில் நின்றுபோன ஒவ்வொரு ஓட்டத்தின் குரோமும் பின்னணியில் தங்கி ரேமைத் தின்னும்.