வெயிலில் நிற்காதவரையும் வெயில் கொல்லும்

வெப்பத்தாக்கு என்றதும் தார் ரோட்டில் சுருண்டு விழுபவர்தான் கண்முன் வருவார். ஆனால் 2003 ஆகஸ்ட் வெயிலில் பிரான்சில் செத்த ஏறத்தாழ 15,000 பேரில் பெரும்பாலோர் வயதானவர்கள். பலர் வீட்டுக்குள் தனியாக இருந்தவர்கள். கத்திரி தொடங்கினால் சென்னையிலும் என் முதல் பயம் அவர்களைப் பற்றித்தான்: மொட்டை மாடிக்கு நேர் கீழே, ஃபேனை நம்பிப் படுத்திருக்கும் 75 வயதுக்காரர்.

பகல் முழுக்க வெயில் குடித்த கான்கிரீட் தளம் ராத்திரி பத்து மணிக்கும் அனலை அறைக்குள் இறக்கிக்கொண்டிருக்கும். ஒரே பக்கம் ஜன்னல் உள்ள அறைக்குள் கடல் காற்று நுழையாது. புழுக்கத்தில் வியர்வை லேசில் உலராது. வயதானவருக்கு வியர்ப்பதே குறைவு. சூட்டை வெளியேற்ற இதயம் ரத்தத்தைத் தோலுக்குத் தள்ளித் தள்ளி ஓய்ந்துபோகும். சான்றிதழில் ‘மாரடைப்பு’ என்று எழுதிவிடுவார்கள். வெயில் கணக்கில் வராது.

தாகமும் அந்த வயதில் சரியாகத் தெரியாது. கூடவே மாத்திரைகள். கால் வீக்கத்துக்கும் பிரஷருக்கும் தரும் நீர் மாத்திரை உடம்பிலிருந்து நீரையும் உப்பையும் இறக்கும்; பிரஷருக்கும் இதய நோய்க்கும் தரும் பீட்டா பிளாக்கர் மாத்திரை இதயம் வேகமெடுப்பதைத் தடுக்கும்; மனநோய்க்கான சில மாத்திரைகள் வியர்வையைக் குறைக்கும். நீங்களாக எதையும் நிறுத்திவிடாதீர்கள். கோடைக்கு அளவை மாற்ற வேண்டுமா, ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர் குடிக்கலாம் என்று ஏப்ரலிலேயே டாக்டரிடம் கேட்டு வையுங்கள். கிட்னி கெட்டவருக்கு இளநீரை அன்பாக ஊற்றிக் கொடுப்பது ஆபத்து. அதில் பொட்டாசியம் அதிகம்.

போனில் கேட்டால் ‘நல்லாத்தான் இருக்கேன்’ என்பார்கள். மதியம் மூன்று மணிக்கும் ராத்திரி ஒன்பதுக்கும் யாராவது நேரில் போய்ப் பாருங்கள். ஒரு சொம்புத் தண்ணீர், ஒரு துண்டு போதும்: கை, கழுத்து, முதுகை நனைத்து ஃபேன் முன் உட்கார வையுங்கள். ஈரம் காயக் காய மறுபடி நனைக்க வேண்டும்.

கட்டட வேலையில் முதல் வாரம்தான் கண்டம். புதிதாக வந்தவரை முதல் நாள் முழு வேலையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வெயிலில் விடக் கூடாது. பிறகு தினம் ஒரு பங்காகக் கூட்டலாம். தெருவில் பூ விற்கும் அக்காக்களும் தூய்மைப் பணியாளர்களும் போக ஒரு கழிப்பறை இல்லாததால்தான் தண்ணீரைத் தவிர்க்கிறார்கள். அவர்களிடம் ‘நிறைய குடிங்க’ என்று சொல்வதில் நியாயமே இல்லை.

குளிர்? இந்த ஊரில் அதற்கு முதல் இலக்கு பச்சைக்குழந்தை, அதிலும் 2.5 கிலோவுக்குக் குறைவாகப் பிறந்தது. ஈரத்துணியும் நேரே படும் ஏசி காற்றும் போதும், உடம்பு சில்லிட்டுவிடும். பாதத்தையும் வயிற்றையும் தொட்டுப் பாருங்கள். பாதம் மட்டும் சில்லென்றிருந்தால் குளிர் பிடிக்கத் தொடங்கிவிட்டது. குல்லா போட்டு, அம்மாவின் வெறும் நெஞ்சோடு தோல் படச் சேர்த்து, மேலே போர்த்துங்கள். வயிறும் சில்லென்றிருந்தால் அப்படியே அணைத்தபடி ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

மறுபடி வெயிலுக்கு வருகிறேன். பிதற்றல், தள்ளாட்டம், கூப்பிட்டால் பதில் இல்லாமை இவற்றில் ஒன்று வந்தாலே வெப்பத்தாக்கு என்று எடுத்துக்கொள்ளுங்கள். உடம்பு வியர்த்திருக்கிறதே என்று ஏமாற வேண்டாம். ஒருவர் 108-ஐ அழைக்கட்டும். மற்றவர் அதே நிமிடம் சட்டையைத் தளர்த்தி, தலை முதல் கால் வரை தண்ணீர் ஊற்றி விசிற வேண்டும். ஐஸ் இருந்தால் துணியில் சுற்றிக் கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் வையுங்கள். நினைவு தப்பியவர் வாயில் தண்ணீர் ஊற்றினால் நுரையீரலுக்குள் போய்விடும். இது காய்ச்சல் இல்லை, அதனால் பாராசிட்டமால் கேட்காது. ஆம்புலன்ஸில் ஏற்றிய பிறகும் ஈரத்துணியை எடுக்காமல் நனைத்துக்கொண்டே போங்கள்.