கங்கைகொண்ட சோழபுரம்: கல் போனது, சோறு மீட்டது

கும்பகோணத்திலிருந்து கங்கைகொண்ட சோழபுரத்துக்குச் சுமார் 35 கி.மீ. பாதி வழிக்கு மேல் போனதும் அணைக்கரை வரும். கொள்ளிடத்தின் குறுக்கே 1836-இல் ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் காலத்தில் கட்டிய கீழணை இதுதான். வீராணம் ஏரிக்குத் தண்ணீர் கொண்டுபோகும் வடவாறு பிரிவதும் இங்கேதான். கங்கைகொண்ட சோழபுரத்துச் சிவன் கோயிலைப் பார்ப்பதற்கு முன் இந்த இடத்தில் ஐந்து நிமிடம் இறங்கி நிற்க வேண்டும். கோயிலின் மதிலும் சிற்பக் கற்களும் இந்த அணைக்குத்தான் போயின.

அணை வேலைக்குக் கல் வேண்டும். காவிரிச் சமவெளியில் எங்கு தோண்டினாலும் வண்டல்தான், பாறை கிடைக்காது. பத்து கி.மீ. தூரத்துக்குள் ஆயிரக்கணக்கான வண்டி கருங்கல் செதுக்கித் தயாராக நின்றால் பொறியாளர் கண்ணுக்கு அது கோயிலாகத் தெரியுமா? சுற்று மதிலைக் கிட்டத்தட்ட முழுவதும் பிரித்தார்கள். ஊர் ஏழைகள் தடுக்கப் பார்த்துத் தண்டனைதான் வாங்கினார்கள். கல் மதிலுக்குப் பதிலாகச் செங்கல் மதில் கட்டித்தருவதாகக் கொடுத்த வாக்கும் நிறைவேறவில்லை. அந்த நூற்றாண்டின் நடுவில் ஆங்கிலத்திலேயே அச்சான ஒரு குறிப்பு இவ்வளவையும் ஒப்புக்கொள்கிறது. இன்று கிழக்கு வாசலில் கோபுரம் இல்லை, அடித்தளம் மட்டுமே இருக்கிறது. அதைத் தாண்டியதும் எதுவும் மறைக்காமல் விமானம் முழுதாகக் கண்ணில் படுவதற்கு இந்த இழப்புதான் காரணம்.

முதலாம் இராசேந்திரனின் படை கங்கைவரை போய்த் திரும்பிய பிறகு, 1025-ஐ ஒட்டி எழுந்த தலைநகரம் இது. கொண்டுவந்த கங்கை நீரை ஏரியில் விட்டு அதற்குச் சோழகங்கம் என்று பெயர் வைத்தான். வெற்றித்தூணைக் கல்லில் நடாமல் நீரில் நட்டான் என்று திருவாலங்காட்டுச் செப்பேடு பாடுகிறது. சுமார் 16 மைல் நீளக் கரை கொண்ட அந்த ஏரியை இன்று பொன்னேரி என்கிறார்கள். கோயில் வளாகத்திலுள்ள சிங்கக் கிணற்றிலும் அதே கங்கை நீர் ஊற்றப்பட்டதாக ஊரில் சொல்வார்கள். சிங்கத்தின் உடலுக்குள் புகுந்து படியிறங்கித் தண்ணீரை அடையும் அமைப்பு. சிங்கம் சுதை வேலை, சோழர் காலத்துக்கு வெகு பிந்தையது. அதனால் ஐதீகம் ஒன்றும் குறைந்துவிடாது, ஆனால் சோழச் சிற்பம் என்று நினைத்துப் படமெடுக்க வேண்டாம்.

ஊரிலுள்ள கணக்குப் பிள்ளையாரின் கதை இன்னும் சுவையானது. கோயில் வேலை முடியும் தறுவாயில் ராஜா திடீரென்று செலவுக் கணக்குக் கேட்டாராம். கணக்கு எழுதிவைக்காத அதிகாரி வெலவெலத்துப்போய்ப் பிள்ளையார் காலில் விழுந்தார். பிறகு சபையில் அவர் வாயிலிருந்து வந்தது ஒரே வரி: “எத்து நூல் எட்டு லட்சம் பொன்.” எத்து நூல் என்பது கல்லில் நேர்கோடு பிடிக்கத் தச்சர்கள் இழுத்துக் கட்டும் நூல். நூலுக்கே எட்டு லட்சம் என்றால் மீதியைக் கேட்பானேன் என்று ராஜா விட்டுவிட்டார். தணிக்கைக்குப் பயப்படும் எல்லோரும் கும்பிட வேண்டிய பிள்ளையார்!

விமானம் 53 மீட்டர். தஞ்சைப் பெரிய கோயிலின் விமானம் நேர்கோட்டில் ஏறும். இது உள்வளைந்து ஏறும். தஞ்சையில் 13 நிலைகள், இங்கே ஒன்பது. லிங்கம் தஞ்சையைவிடப் பெரியது என்றே சொல்லப்படுகிறது: 13 அடி உயரம், ஆவுடையின் (லிங்கத்தின் அடிப்பீடம்) சுற்றளவு சுமார் 60 அடி. அடியில் சந்திரகாந்தக் கல் இருப்பதாகவும், அதனால் கருவறை கோடையில் குளிர்ந்தும் குளிரில் கதகதப்பாகவும் இருக்கும் என்றும் நம்பிக்கை. இத்தனை தடித்த கற்சுவருக்கு நடுவில் வெளி வெப்பம் மெதுவாகத்தான் ஏறி இறங்கும் என்பதும் உண்மை.

மதில் போனதைவிடப் பெரிய சேதம், ஆள் போனது. தலைநகரம் அழிந்து சிற்றூராகிவிட்ட பிறகு இவ்வளவு பெரிய சுவாமிக்கு நித்திய பூசை செய்ய அங்கே யார் இருக்கிறார்கள்? தொல்லியல் துறை கட்டடத்தைக் காத்தது, 2004-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாகவும் அறிவித்தது. 1932-க்குப் பிறகு 85 ஆண்டு கழித்து, 2017 பிப்ரவரி 2-ஆம் தேதி கும்பாபிஷேகமும் நடந்தது. ஆனால் சுற்று வட்டார ஜனங்களைத் திரும்ப உள்ளே கூட்டி வந்தது அதற்கெல்லாம் முன்பே, 1980களில், காஞ்சி மகா பெரியவரின் தூண்டுதலால் தொடங்கிய ஐப்பசி அன்னாபிஷேகம், அதாவது லிங்கத்தைச் சோற்றால் மூடும் வழிபாடு.

தட்சனின் சாபத்தால் தேய்ந்த சந்திரன் பதினாறு கலைகளும் நிறைந்து நிற்கும் நாள் ஐப்பசிப் பௌர்ணமி. சந்திரனுக்குரிய தானியம் அரிசி. தமிழகத்தில் எல்லாச் சிவன் கோயில்களிலும் அன்று அன்னாபிஷேகம் உண்டு. சின்னக் கோயிலில் ஐந்து படி அரிசியில் முடிந்துவிடும். இங்கே 100 மூட்டை. மூட்டைக்கு 25 கிலோ என்று வைத்தாலே 2,500 கிலோ. வெந்த பிறகு அது ஆறேழு டன் சோறாகும்.

பச்சரிசிதான் வேண்டும். புழுங்கலரிசி ஏற்கெனவே ஒருமுறை வெந்து காய்ந்தது என்பதால் நிவேதனத்துக்கு ஆகாது. வடித்த சோற்றைச் சூட்டோடு சுவாமி மேல் வைக்கக் கூடாது, ஆறவைக்க வேண்டும். சாஸ்திரம் ஒருபுறம் இருக்கட்டும், ஆவி பறக்கும் சோறு எண்ணெய்க் காப்பு ஏறிய வழவழப்பான கருங்கல்லில் நிற்காது, நழுவும். பதம்தான் எல்லாம். குழைந்தால் தன் பாரத்திலேயே வழிந்து இறங்கும். விறைத்தால் பருக்கை பருக்கையாக உதிரும். பிடித்தால் பிடியாக நிற்க வேண்டும், விட்டால் பருக்கை தனித்துத் தெரிய வேண்டும். ஒவ்வொரு பருக்கையும் ஒரு லிங்கம் என்பது நம்பிக்கை. அதனால்தான் கோடி லிங்க தரிசனம் என்கிறார்கள்.

கூடை கூடையாகச் சோறு கைமாறி உள்ளே போகும். அடியிலிருந்து அணைத்துக்கொண்டே மேலேறுவார்கள். ஆவுடை மூடி, அதன்மேல் நிமிர்ந்து நிற்கும் பாணத்தைச் சுற்றி எழுப்பி, கடைசியில் உச்சி. 13 அடிக்கு ஏணியோ சாரமோ இல்லாமல் கை எட்டாது. முதலில் உச்சியில் கொட்டினால் கீழே தாங்க ஒன்றுமில்லாமல் சரிந்துவிடும். காலையில் தொடங்கினால் முடிய மாலையாகும். காய்கனி, பலகார அலங்காரமும் சேர்ந்து தீபாராதனை காட்டும்போது முழுநிலவு எழுந்திருக்கும். அன்றிரவே கலைத்தாக வேண்டும். அடைத்த கருவறையில் ஆயிரம் பேரின் மூச்சுக்காற்றும் விளக்குச் சூடும் சேர்ந்தால் சோறு விடியும்வரை தாங்காது, புளிக்கும். ஆவுடையிலும் அடியிலும் சாத்திய அன்னம் ஜனங்களுக்குப் பிரசாதம். பாணத்தை ஒட்டியிருந்த அன்னத்தை மட்டும் யாருக்கும் தருவதில்லை. அதில் சுவாமியின் கதிர்வீச்சு அதிகம் என்பது ஐதீகம். அதை நீர்நிலையில் மீனுக்கும் பறவைக்கும் விடுவார்கள். ‘சோறு கண்ட இடம் சொர்க்கம்’ என்பதற்கு இந்தத் தரிசனத்தையே பொருளாகச் சொல்கிறவர்களும் உண்டு.

அன்றைக்குப் போகிறவர்கள் இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்வது நல்லது. சோறு ஏறுவதைப் பார்க்க முற்பகல். முழு அலங்காரம் பார்க்க மாலை, ஆனால் நெரிசல் கடுமையாக இருக்கும். ஐப்பசி மழை மாதம், குடை அவசியம். புல்வெளி சேறாகும், சின்னப் பிள்ளைகளின் கையை விட வேண்டாம். பிரசாதத்துக்கு ஒரு பாத்திரம் எடுத்துப்போங்கள். ஜெயங்கொண்டம் 10 கி.மீ.தான், தங்கவும் சாப்பிடவும் அங்கே போவதே சௌகரியம். சென்னையிலிருந்து வருகிறவர்கள் மீன்சுருட்டி வழியாக வரலாம்.

சிற்பம் பார்க்க வேண்டுமானால் அன்றைக்கு வரவே கூடாது. மகாமண்டபத்தில் சூரியனை நடுவில் வைத்துத் தாமரையும் தேருமாக ஒரே கல்லில் அமைந்த நவக்கிரகம், வடக்கு வாசல் பக்கத்தில் ஞான சரஸ்வதி, அவளுக்கு இணையாகச் சண்டேச அனுக்கிரகமூர்த்தி எல்லாம் ஆற அமர நின்று பார்க்க வேண்டியவை. நண்பகலில் நடை சாத்திவிட்டு மாலை 4 மணிவாக்கில்தான் திறப்பார்கள். வெயிலில் வெறுங்காலோடு கல் தரையில் நடக்க முடியாது என்பதால் வெளிச்சுவர்களைக் காலை எட்டு மணிக்கு முன்னால் சுற்றிவிடுவது உத்தமம்.

வடக்குச் சுவருக்கு மாதமும் முக்கியம். ஐப்பசி முதல் மாசிவரை சூரியன் தெற்கே ஒதுங்கிவிடுவதால் அந்தச் சுவர் நாள் முழுதும் நிழல்தான். ஆனி, ஆடியில் வெயில் அதன்மேல் சாய்ந்து விழும். சண்டேச அனுக்கிரகமூர்த்தி இருப்பது அங்கேதான்: உமையோடு அமர்ந்த ஈசன், காலடியில் கைகூப்பிய அடியார் சண்டேசரின் தலையில் கொன்றை மாலையைச் சுற்றிக்கொண்டிருக்கிறார். முடி சூட்டப்படுவது இராசேந்திரனே என்று கருதும் ஆய்வாளர்களும் உண்டு. அவன் பிறந்த நாளான ஆடித் திருவாதிரையை இப்போது அரசு விழாவாக இங்கே கொண்டாடுகிறார்கள். அந்த நாளின் காலை வெயிலில் அந்த மாலையின் ஒவ்வொரு சுற்றும் தனித்தனியாகத் தெரியும்.