ஆபரேஷனுக்குப் பிறகு திரும்பி வரும் பசி

எடை குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் அநேகமாக எல்லோரும் சொல்லும் வாக்கியங்கள் இரண்டு. முதல் மாதத்தில், "பசியே எடுக்கலை. சாப்பாட்டைப் பார்த்தாலே என்னமோ மாதிரி இருக்கு." பத்து, பன்னிரண்டு மாதம் ஆனதும், "மறுபடி பசிக்குது. ஆபரேஷன் வேலை செய்யலையா?" முதல் வாக்கியத்தில் சந்தோஷம் இருக்கும், அடுத்ததில் குற்ற உணர்வு. பசி அடங்குவது, திரும்பி வருவது இரண்டுமே எதிர்பார்க்க வேண்டியவைதான். இடைப்பட்ட மாதங்களில் எதைச் சாப்பிடப் பழகினோம் என்பதைத்தான் கவனிக்க வேண்டும். இதை ஆபரேஷனுக்கு முன்பே யாராவது உட்காரவைத்துச் சொல்லியிருந்தால் பாதிப் பேருக்கு அந்தக் குற்ற உணர்வு வந்திருக்காது.

முதலில் பசி ஏன் போகிறது என்று பார்ப்போம். இந்த ஆபரேஷனில் அதிகம் செய்யப்படுபவை ஸ்லீவ், இரைப்பை பைபாஸ் என்ற இரண்டு முறைகள். ஸ்லீவ் முறையில் இரைப்பையின் 75 முதல் 80 சதவீதத்தை வெட்டி எடுத்துவிடுகிறார்கள். மிச்சம் இருப்பது வாழைக்காய் வடிவில் ஒரு குழாய். அதில் 100 முதல் 150 மில்லி, அதாவது ஒரு சின்ன காபி டம்ளர் அளவுதான் பிடிக்கும். வெட்டி எடுக்கும் பகுதியில் இரைப்பையின் மேல் குமிழும் சேர்ந்து போகிறது. பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் பெரும்பாலும் அங்கேதான் சுரக்கிறது. 1999இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டுபிடித்த ஹார்மோன் இது. சாப்பாட்டு நேரம் நெருங்கும்போது இரத்தத்தில் ஏறும், சாப்பிட்டதும் இறங்கும். பட்டினி கிடந்தோ டயட் இருந்தோ எடை குறைத்தால் கிரெலின் முன்பைவிடக் கூடிவிடும், உடம்பு விடாமல் சோறு கேட்கும். டயட்டில் இளைத்தவர்கள் திரும்ப ஏறுவதற்கு இது ஒரு பெரிய காரணம். மன உறுதி இல்லாதவர்கள் என்று அவர்களைப் பேசுவது அநியாயம்.

பைபாஸில் கதை வேறு. இரைப்பையை எடுப்பதில்லை. மேலே 15 முதல் 30 மில்லி கொள்ளளவில் ஒரு சின்னப் பையைப் பிரித்து, சிறுகுடலின் நடுப்பகுதியோடு நேராக இணைத்துவிடுகிறார்கள். சாப்பாடு குடலின் அடிப்பகுதிக்குச் சீக்கிரம் போய்ச் சேர்வதால் ஜி.எல்.பி-1, பி.ஒய்.ஒய். என்ற 'போதும்' சொல்லும் ஹார்மோன்கள் பல மடங்கு சுரக்கின்றன. இப்போது எடை குறைக்கப் போடும் ஊசி மருந்துகள் நகல் செய்வது இந்த ஜி.எல்.பி-1ஐத்தான்.

நாக்கும் மாறுகிறது. ஜிலேபி திகட்டும். வழக்கமாகப் போடும் சர்க்கரையோடு காபி பாயசம் மாதிரி இனிக்கும். எண்ணெய் காயும் வாசனையும் மட்டன் வேகும் வாசனையும் சிலருக்குக் குமட்டும். இது மனப்பிரமை இல்லை. பைபாஸ் செய்தவர்களுக்கு உணவுப் படங்களைக் காட்டி மூளையை ஸ்கேன் செய்து பார்த்த லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வு ஒன்று 2014இல் வந்தது. இரைப்பையைச் சுற்றிப் பட்டை மாட்டும் இன்னொரு வகை ஆபரேஷன் செய்தவர்களைவிட இவர்களுக்கு மூளையின் 'ஆசை' பகுதிகள் குறைவாகவே தூண்டப்பட்டன. எல்லோருக்கும் இந்த அளவு மாற்றம் வராது. வந்தவர்களுக்கும் மாதங்கள் போகப் போக மங்கும்.

பசி இல்லாத காலத்தில் ஆபத்து அதிகம் சாப்பிடுவதில் இல்லை, சாப்பிடாமல் இருப்பதில்தான். நாளுக்கு 60 முதல் 80 கிராம் புரதம் வேண்டும். இல்லையென்றால் கொழுப்போடு தசையும் கரையும், மூன்றாம் மாதத்திலிருந்து முடி கொத்துக் கொத்தாகக் கொட்டும். (வேகமாக இளைக்கும்போது ஓரளவு முடி எப்படியும் கொட்டும், ஆறேழு மாதத்தில் அது தானாக நிற்கும். புரதமும் இரும்பும் குறைந்திருந்தால் நிற்காது.)

நம் வீடுகளில் சறுக்குவது இங்கேதான். ஆபரேஷன் என்றாலே பத்தியம். பத்தியம் என்றாலே கஞ்சி, ரசம் சாதம், இடியாப்பம், இளநீர். அம்மா அன்போடு காய்ச்சித் தரும் ஒரு டம்ளர் அரிசிக் கஞ்சியில் 2 கிராம் புரதம் தேறினாலே அதிகம். கேழ்வரகுக் கஞ்சியும் அப்படித்தான், ஒரு இட்லியும் அப்படித்தான். ஒரு வேளைக்கு நாலைந்து ஸ்பூன்தான் இறங்கும் என்கிற நிலையில் அந்த இடத்தை மாவுச்சத்துக்குக் கொடுத்துவிட்டால் புரதத்துக்கு இடமே இருக்காது. வயிறு நிறைந்திருக்கும், ஆள் சோர்ந்துபோய் இருப்பார்.

ஆபரேஷனுக்குப் பிறகு எப்போது எதைச் சாப்பிடலாம் என்ற நாள் கணக்கு மருத்துவமனைக்கு மருத்துவமனை கொஞ்சம் மாறும். பொதுவாக முதல் ஓரிரு நாள் தெளிந்த நீர் ஆகாரம், இரண்டாம் வாரம் முடியும்வரை பால், மோர், புரோட்டீன் பவுடர் கலந்த திரவம், மூன்றாம் நான்காம் வாரம் மசித்தது, அடுத்த இரண்டு முதல் நாலு வாரம் மென்மையானது, அதன் பிறகு வழக்கமான சாப்பாடு. சைவக்காரர்களால் அந்த 60 கிராம் புரதத்தைத் தொடவே முடியாது என்று நினைப்பார்கள். மூன்றாவது மாதத்தில் ஒரு நாளைக்கு 200 மில்லி பாலில் ஒரு ஸ்கூப் வே புரோட்டீன் என்ற பால் புரதப் பவுடர் (சேர்த்து 30 கிராம் புரதம்), 50 கிராம் பனீர் (9), கெட்டியாக வேகவைத்த பாசிப்பருப்பு 100 கிராம் (7), உலர்ந்த எடையில் 20 கிராம் மீல்மேக்கர் (10), கெட்டித் தயிர் 100 கிராம் (3), கொண்டைக்கடலைச் சுண்டல் 50 கிராம் (4) என்று ஐந்தாறு தடவையாகப் பிரித்துச் சாப்பிட்டால் 60ஐத் தாண்டிவிடும். அசைவம் சாப்பிடுபவர்களுக்குச் சுலபம். ஒரு முட்டையில் 6 கிராம், 100 கிராம் மீனில் ஏறக்குறைய 20. கோழியைவிட மீன் நல்லது என்பேன். கோழி உலர்ந்துபோனால் நாராகி நெஞ்சில் நிற்கும், குழம்பில் வெந்த மீன் உதிர்ந்து இறங்கும்.

நெஞ்சில் நிற்பது என்றால் என்ன என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். பழைய பழக்கத்தில் ரசம் சாதத்தை இரண்டு மென்று விழுங்குகிறார்கள். பருக்கைகள் ஒட்டி உருண்டையாகி, குறுகிப்போன குழாயின் வாயில் உட்கார்ந்துவிடும். நெஞ்செலும்புக்குப் பின்னால் யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்துவது போல வலிக்கும். வாயில் எச்சில் ஊறிக்கொண்டே இருக்கும், பிறகு நுரை நுரையாக வெளியே வரும். உடனே எல்லோரும் செய்வது தண்ணீரைக் குடித்துத் தள்ளப் பார்ப்பது. போக வழியில்லாத தண்ணீர் மேலே நிறைந்து வலியைக் கூட்டும். சாப்பிடுவதை நிறுத்திவிட்டு எழுந்து மெதுவாக நடந்தால் பெரும்பாலும் இறங்கிவிடும். அடுத்த வேளை திரவமாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்படி ஆகாமல் இருக்க, சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு வாய், 20 முதல் 30 தடவை மெல்லுதல், ஒரு வேளைக்கு 20 நிமிடம். சாப்பாட்டோடு தண்ணீர் கிடையாது, சாப்பிட்டு அரை மணி கழித்துத்தான். மீதி நேரத்தில் மடக்கு மடக்காக ஒன்றரை முதல் இரண்டு லிட்டர்.

'போதும்' என்ற அறிகுறியும் புதிதாகிவிடுகிறது. பழையபடி வயிறு கனப்பது தெரியாது. ஒரு விக்கல், திடீரென்று மூக்கில் நீர், ஒரு தும்மல், தன்னை மீறிய ஒரு பெருமூச்சு, ஆளுக்கு ஒன்று இருக்கும். அது வந்த இடத்தில் கையை எடுத்துவிட வேண்டும். "இன்னும் ஒரே ஒரு வாய்" என்று வீட்டில் சொல்வதை நிறுத்தச் சொல்லுங்கள். அந்த ஒரு வாய்தான் வாந்தியாகிறது.

நாலைந்து தடவை இப்படி நெஞ்சில் நின்றால் சாப்பாட்டின் மேலேயே பயம் வந்துவிடும். முட்டை வேண்டாம், சுண்டல் வேண்டாம், காய்கூட வேண்டாம். அப்போது எது பயமில்லாமல் இறங்குகிறது? டீயில் நனைத்த பிஸ்கட். வாயில் கரையும் முறுக்கு, மிக்சர், சிப்ஸ், ஐஸ்கிரீம், பாயசம். எடை திரும்ப ஏறுவதற்கு நான் முதல் காரணமாகச் சொல்வது இதைத்தான். சுருக்கிய இரைப்பை கெட்டியான உணவைத்தான் தடுத்து நிறுத்தும், வாயிலேயே கூழாகிவிடுவதைத் தடுக்காது. கால் கப் சுண்டலில் வயிறு அடைத்துக்கொள்ளும் அதே ஆள், டிவி பார்த்துக்கொண்டே ஒரு மணி நேரத்தில் 100 கிராம் மிக்சரை முடித்துவிடலாம். அதில் 500 கலோரிக்கு மேல் இருக்கிறது, நிறைந்த உணர்வே வராது. அளவு சின்னதாக இருப்பதால் 'கொஞ்சம்தானே சாப்பிட்டேன்' என்று மனசும் ஒப்புக்கொள்ளும். சாப்பாட்டு நேரம் என்று ஒன்று இல்லாமல் நாள் முழுக்கக் கொறிப்பது இப்படித்தான் தொடங்குகிறது. பிஸ்கட்டை ஒளித்துவைப்பதால் இது தீராது. மெல்லும் பழக்கத்தைத் திருத்தி, பயந்து விட்ட முட்டையையும் பருப்பையும் பொறுமையாகத் திரும்பக் கொண்டுவர வேண்டும்.

இனிப்பு ஆசை தனியாகப் பேச வேண்டிய விஷயம். முக்கியமாக பைபாஸ் செய்தவர்களுக்கு. அல்வாவோ பாயசமோ பையில் தங்காமல் குடலில் கொட்டும்போது 10 முதல் 30 நிமிடத்தில் படபடப்பு, வியர்வை, வயிற்றை முறுக்குதல், பேதி. இதற்கு டம்பிங் என்று பெயர். பலர் இதை ஒரு காவல்காரன் மாதிரி நம்புகிறார்கள். எல்லோருக்கும் வராது, வந்தவர்களுக்கும் போகப் போகக் குறையலாம். அதை நம்பி இருக்காதீர்கள்.

பின்னால் வரும் டம்பிங்தான் ஆசையைக் கிளப்பிவிடுவது. இனிப்பு சாப்பிட்டு ஒன்று முதல் மூன்று மணி நேரம் கழித்து, அதிகமாகச் சுரந்த இன்சுலினால் இரத்தச் சர்க்கரை தடாலென்று இறங்கும். கை நடுங்கும், கண் இருட்டும், இனிப்பு வேண்டும் என்று வெறி வரும். மறுபடி ஒரு லட்டு, மறுபடி இறக்கம். குளுக்கோமீட்டர் இருந்தால் பாருங்கள். 70க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரை அல்லது குளுக்கோஸைத் தண்ணீரில் கலந்து குடித்துவிட்டு, நிதானம் வந்ததும் ஒரு முட்டையோ ஒரு துண்டு பனீரோ சாப்பிட வேண்டும். அதோடு விடாமல் மருத்துவரிடமும் சொல்லிவிடுங்கள்.

வெட்கப்பட்டு யாரும் வெளியே சொல்லாத ஆசை ஒன்று உண்டு. ஃப்ரிட்ஜைத் திறந்து ஐஸ் கட்டியைக் கடிப்பது, இட்லிக்கு ஊறப்போடும்போது ஒரு பிடி பச்சரிசியை வாயில் போட்டுக்கொள்வது, சாக்பீஸ், விபூதி. இதைக் கெட்ட பழக்கம் என்று திட்டுவார்கள். அநேகமாக அது இரும்புச்சத்துக் குறைவின் அறிகுறி. மாதவிடாய் வரும் பெண்களுக்கு இந்த ஆபரேஷனுக்குப் பிறகு அந்தக் குறைவு சகஜம். ஹீமோகுளோபினோடு, உடம்பின் இரும்புக் கையிருப்பைக் காட்டும் ஃபெரிட்டினையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள், ஹீமோகுளோபின் சரியாக இருக்கும்போதே ஃபெரிட்டின் இறங்கியிருக்கலாம். இரும்பு ஏறியதும் பச்சரிசி ஆசை போய்விடும். இரும்பு மாத்திரையை டீ, காபியோடு விழுங்கினால் பாதி வீண். கால்சியம் மாத்திரைக்கும் அதற்கும் இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும்.

இப்போது அந்தப் பத்தாவது மாதத்துப் பசி. அது பசிதானா என்று முதலில் பாருங்கள். சாப்பிட்டு மூன்று நாலு மணி நேரம் ஆகியிருந்து, அவித்த முட்டையோ சுண்டலோ கொடுத்தாலும் சாப்பிடத் தோன்றினால் அது பசி, சாப்பிடுங்கள். முட்டை வேண்டாம், முறுக்குதான் வேண்டும் என்றால் அது ஆசை. ஒரு மடக்கில் நிறையக் குடிக்க முடியாததால் தாகமும் பசி வேஷத்தில் வரும். நாலு மடக்கு தண்ணீர் குடித்துக் கால் மணி காத்திருங்கள். ஸ்லீவ் செய்தவர்களுக்கு அமிலம் மேலேறுவது அதிகம், அந்த எரிச்சல் வயிறு காய்கிற மாதிரியே இருக்கும். சாப்பிட்டால் அப்போதைக்கு அடங்கும், பிறகு இன்னும் எரியும். அதற்கு மாத்திரைதான் வேண்டும், மிக்சர் உதவாது.

அடக்கவே முடியாத ஆசை என்றால் ஒளித்துச் சாப்பிடாமல், சாப்பாட்டின் கடைசியில், உட்கார்ந்து, இரண்டு ஸ்பூன் சாப்பிடலாம் என்பது என் கட்சி. கல்யாணப் பந்தியிலும் அதே வரிசைதான். இலையில் முதலில் பருப்பு, கூட்டு, தயிர், அதன் பிறகு இடமிருந்தால் ஒரு ஸ்பூன் பாயசம். முழுக்கத் தடை போட்டவர்கள்தான் ஆறு மாதம் கழித்து டப்பாவோடு உட்காருகிறார்கள்.

அளவு சின்னதாக இருந்தாலும் 'நிறுத்த முடியவில்லை' என்ற உணர்வு வந்தால், மென்று துப்ப ஆரம்பித்தால், இளைப்பதற்காக விரலை விட்டு வாந்தி எடுத்தால், தராசு 200 கிராம் ஏறியதென்று அன்றைக்குப் பட்டினி கிடந்தால், அது மனநல ஆலோசகரிடம் போக வேண்டிய விஷயம். மதுவும் அப்படித்தான். இரத்தத்தில் வேகமாக ஏறும், பழைய ஒரு பெக் இப்போது ஒரு பெக் இல்லை. சாப்பாட்டில் கிடைக்காத ஆறுதலை இரண்டாம் வருடத்தில் அங்கே தேடிப் போகிறவர்கள் இருக்கிறார்கள்.

காத்திருக்கவே கூடாத ஒன்று உண்டு. வாந்தி இரண்டு மூன்று நாளாக நிற்காமல், பார்வை இரண்டாகத் தெரிந்து, நடை தள்ளாடினால் அது தயமின் என்ற பி1 வைட்டமின் தீர்ந்துபோனதன் அடையாளம். அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போய், எடை குறைப்பு ஆபரேஷன் ஆனவர் என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன்பு தயமின் ஊசி போட்டாக வேண்டும்.