மூன்றாவது பின்னை மூடினேன், டிஸ்க் சுழன்றது

வீட்டுக் கோப்புகளையெல்லாம் ஒரே இடத்தில் வைக்க நானே ஒரு சேமிப்புக் கணினி கூட்டுகிறேன். நேற்று இரவு பத்தே முக்காலுக்கு அதன் இரண்டாவது ஹார்ட் டிஸ்க் சுழன்றது. பதினோரு நாள் பேச்சு மூச்சில்லாமல் கிடந்த டிஸ்க். காதை ஒட்டி வைத்துக் கேட்டேன். மெல்லிய உறுமல், அப்புறம் தலை நகரும் டிக் டிக். வீட்டில் எல்லோரும் தூங்கிவிட்டார்கள். எழுப்பிச் சொல்லலாமா என்றுகூடத் தோன்றியது.

அப்பா எடுத்த மினிடிவி (சிறிய டிஜிட்டல் வீடியோ) கேசட்டுகள் நாற்பத்தாறு இருக்கின்றன. ஒரு மணி நேரக் கேசட்டைத் தரம் குறைக்காமல் இறக்கினால் ஏறக்குறைய 13 ஜிபி வரும். மொத்தம் 600 ஜிபி. அதோடு வீட்டுப் புகைப்படங்கள் ஒரு டிபிக்கு மேல். எல்லாம் நான்கு யூஎஸ்பி டிஸ்க்குகளில் சிதறிக் கிடக்கின்றன, அதில் ஒன்று ஏற்கெனவே முனகத் தொடங்கிவிட்டது. ஆகவே 8 டிபி டிஸ்க் இரண்டு, இரண்டிலும் ஒரே நகல் இருக்கும் மிரர் முறை, முப்பதாயிரம் ரூபாய்க்குள் எல்லாம் முடிய வேண்டும் என்று கணக்குப் போட்டேன்.

புராசசருக்குப் பணம் கொட்டுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. கோப்பை எடுத்துக் கொடுக்கவும் வாங்கி வைக்கவும் ஐ3-7100 தாராளம். நான் தேடியது பழைய பி250 மதர்போர்டு. ஒரே காரணம், அந்த சிப்செட்டில் டிஸ்க் மாட்டும் சாட்டா போர்ட் ஆறு வரை கிடைக்கும். புதிதாக வரும் மலிவு போர்டுகளில் நான்குதான். பிறகு தனிக் கார்டு வாங்கி, அதில் போர்ட் மல்டிப்ளையர் (ஒரு போர்ட்டைப் பல டிஸ்க்குக்குப் பங்கிடும் சிப்) இருக்கிறதா இல்லையா என்று தலையை உடைத்துக்கொள்ள வேண்டும். போர்டும் புராசசரும் சேர்த்து 5,800 ரூபாய், 16 ஜிபி ரேம் 2,600, புதிய பவர் சப்ளை 3,300, டிஸ்க் இரண்டும் 18,400. நூறு ரூபாய் கூடுதலாகப் போனது. பூட் செய்வதற்குப் பழைய மடிக்கணினியின் எஸ்எஸ்டி இருந்தது.

அலுவலகங்கள் கழித்துவிடும் சிறிய பெட்டிக் கணினிகளையும் பார்த்தேன். விலை ஆசை காட்டுகிறது. ஆனால் பெரிய டிஸ்க் இரண்டு வைப்பதற்குள் இடம் தீர்ந்துவிடும், பவர் சப்ளையும் அந்தக் கம்பெனிக்கே உரிய அளவில் இருக்கும். அது எரிந்தால் நம் ஊர்க் கடையில் மாற்று கிடைக்காது. விழுப்புரத்தில் உட்கார்ந்துகொண்டு அந்த ஆபத்தை வாங்க நான் தயாரில்லை.

டிஸ்க் வாங்குவதில்தான் எனக்கு ஆத்திரம் வருகிறது. எஸ்எம்ஆரா (தடங்களை ஒன்றன்மேல் ஒன்று சற்று ஏற்றி எழுதுவது, நிறைய எழுதும்போது மிக மெதுவாகும்) சிஎம்ஆரா (தடங்கள் தனித்தனியாக இருப்பது) என்று கேட்டால் பாதிக் கடைகளில் விழிக்கிறார்கள். பெட்டியிலும் போட்டிருக்க மாட்டார்கள். 2020-இல் வெஸ்டர்ன் டிஜிட்டல் ரெட் வரிசையிலேயே 2 முதல் 6 டிபி வரை சில மாடல்கள் எஸ்எம்ஆர் என்று வெளிவந்து பெரிய சர்ச்சையானது. அதற்குப் பிறகுதான் சிஎம்ஆர் மாடல்களை ரெட் பிளஸ் என்று தனியாகப் பிரித்தார்கள். நாஸ் (நெட்வொர்க்கில் கோப்பு சேமிக்கும் கணினி) என்று அச்சடித்து விற்ற டிஸ்க்கிலேயே இப்படி என்றால் சாதாரண டெஸ்க்டாப் டிஸ்க்கை எந்த நம்பிக்கையில் வாங்குவது? மிரரில் ஒன்று போய், புதியதை மாட்டி மறுபடி நிரப்பும்போது எஸ்எம்ஆர் டிஸ்க் படுத்துகிற பாட்டைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதனால் டேட்டா சென்டரிலிருந்து கழிந்து வந்த டிஸ்க்குகளுக்குப் போனேன். சென்னை ரிச்சி தெருவில் இரண்டு வெவ்வேறு கடைகளில், வெவ்வேறு மாடல் வாங்கினேன். ஒரே பேட்ச்சில் ஜோடியாக வாங்கினால் ஜோடியாகவே சாகக்கூடும்.

முதல் டிஸ்க் மாட்டியதும் ஓடியது. இரண்டாவது, உள்ளே காற்றுக்குப் பதில் ஹீலியம் நிரப்பியது, அசையவே இல்லை. கணினி தொடங்கும்போது வரும் பயாஸ் திரையில் பெயர் வரவில்லை. கேபிள் மாற்றினேன், போர்ட் மாற்றினேன், முதல் டிஸ்க்கின் வயரையே பிடுங்கி இதில் செருகினேன். ஒன்றும் இல்லை. ரயிலேறி மறுபடி கடைக்குப் போனேன். கடைக்காரர் யூஎஸ்பி டாக்கில் (டிஸ்க்கை வெளியே வைத்து ஓட்டும் தாங்கி) வைத்தார், உடனே சுழன்றது. “சார், டிஸ்க் நன்றாகத்தான் இருக்கிறது. உங்கள் பவர் சப்ளையைப் பாருங்கள்” என்றார். எனக்குக் கோபம், நேற்று வாங்கிய பவர் சப்ளை, அதே வயரில் இன்னொரு டிஸ்க் ஓடுகிறதே! ஆனால் அவர் சொன்னதில்தான் விடை இருந்தது.

சாட்டா பவர் கனெக்டரில் பதினைந்து பின்கள். முதல் மூன்றும் பழைய முறையில் 3.3 வோல்ட். சாட்டா விதிமுறையின் 3.3 பதிப்பில் மூன்றாவது பின்னுக்கு வேறு வேலை கொடுத்துவிட்டார்கள்: அதில் மின்சாரம் வந்தால் டிஸ்க் அணைந்து கிடக்க வேண்டும். நூற்றுக்கணக்கான டிஸ்க் ஓடும் இடத்தில், தொங்கிப்போன ஒன்றைக் கையால் தொடாமல் அணைத்து எழுப்ப அது உதவும். நம் பவர் சப்ளையோ ஆரஞ்சு வயர் வழியாக அந்தப் பின்னுக்கு 3.3 வோல்ட்டை ஓயாமல் அனுப்புகிறது. டிஸ்க் “அணைந்திரு” என்ற கட்டளைக்குக் கீழ்ப்படிந்துகொண்டே இருக்கிறது. கடையிலிருந்த டாக் 12 வோல்ட்டும் 5 வோல்ட்டும் மட்டும் கொடுப்பது, அதனால் அதில் சுழன்றது.

மருந்து, அந்தப் பின்னை மூடுவது. சொல்ல எளிது. முதலில் செலோ டேப் ஒட்டினேன். கனெக்டரைச் செருகும்போதே சுருண்டு வந்துவிட்டது. இன்சுலேஷன் டேப் தடிமன், கனெக்டர் உள்ளே போகவே மறுத்தது. கடைசியில் செல்போன் பழுது பார்க்கும் கடையில் தேன் நிறக் கேப்டன் டேப் (மின்சாரம் கடத்தாத மெல்லிய டேப்) ஒரு சுருள் வாங்கினேன். பின்களுக்கு இடையே 1.27 மில்லிமீட்டர்தான். மூன்றாவதை மட்டும் மூட ஒரு மில்லிமீட்டர் அகலத்தில் டேப் வெட்ட முயன்று இரண்டு இரவுகள் போயின. பிறகுதான் தோன்றியது, முதல் மூன்றுமே 3.3 வோல்ட், டிஸ்க்குக்கு அவை தேவையில்லை, மூன்றையும் சேர்த்தே மூடலாம். நான்கு மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவான பட்டை போதும். எண்ண வேண்டியது டேட்டா கனெக்டர் இருக்கும் பக்கத்திலிருந்து. பின்களை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டு, பட்டையைப் பின்களின் மேல் மட்டும் ஒட்டாமல், பின்கள் பதிந்திருக்கும் பிளாஸ்டிக் நாக்கின் விளிம்பைத் தாண்டி மறுபக்கம் மடித்து ஒட்ட வேண்டும். அப்போதுதான் செருகும்போது சுருளாது. தென்னை ஈர்க்கின் நுனியால் ஒவ்வொரு பின்னாக அழுத்தித் தேய்த்தேன். ட்வீசரைவிட ஈர்க்கு நல்லது, டேப்பைக் கிழிக்காது.

பவர் சப்ளையின் பழைய நான்கு பின் கனெக்டரான மோலெக்ஸிலிருந்து சாட்டாவுக்கு மாற்றும் வயர் போட்டாலும் இந்தச் சிக்கல் தீரும், மோலெக்ஸில் 3.3 வோல்ட்டே கிடையாது. கடையில் நாற்பது ரூபாய்க்குக் கொடுத்தார்கள், நான் வாங்கவில்லை. பிளாஸ்டிக்கை உருக்கி ஊற்றி வார்த்த கனெக்டர் அது. உள்ளே வயர்கள் விலகி ஒன்றோடொன்று உரசித் தீப்பிடித்த சம்பவங்கள் உண்டு. வயரைத் தனித்தனியாக அழுத்திப் பொருத்திய வகை கிடைத்தால் மட்டும் வாங்குங்கள்.

இப்போது டிஸ்க் முழுவதையும் எழுதிப் படித்துச் சோதிக்கும் பேட்பிளாக்ஸ் நிரல் ஓடிக்கொண்டிருக்கிறது. பிளாக் அளவு 4096 என்று கொடுக்காவிட்டால் 8 டிபி டிஸ்க்கில் தொடங்கவே தொடங்காது, மறக்காதீர்கள். நான்கு முறை எழுதி நான்கு முறை படித்து முடிக்க நான்கு நாளுக்கு மேல் ஆகும். டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் விவரத்தில் ஓடிய நேரம் 38,000 மணி, நான்கு வருடத்துக்கு மேல். கெட்டுப்போய் மாற்றப்பட்ட இடங்களைக் காட்டும் ஐந்தாம் எண்ணும், சந்தேகத்தில் இருக்கும் இடங்களைக் காட்டும் 197-உம் பூஜ்யம். ஹீலியம் அளவைக் காட்டும் 22-ஆம் எண் 100. ஓடிய நேரத்தைப் பூஜ்யமாக்கி விற்பவர்களைவிட 38,000 என்று காட்டி விற்கிறவர் எனக்கு நல்லவர்.

மின்சாரமும் அளந்தேன். சும்மா இருக்கும்போது 31 வாட். இரண்டு மாதத்துக்கு 45 யூனிட் அளவில் வரும். இன்வர்ட்டரின் பின்பக்க சுவிட்சை யூபிஎஸ் முறைக்கு மாற்றி வைத்திருக்கிறேன், கரண்ட் போனால் இயந்திரம் ரீஸ்டார்ட் ஆவதில்லை. இருந்தாலும் யூஎஸ்பி போர்ட் உள்ள சிறிய யூபிஎஸ் ஒன்று வேண்டும். பேட்டரி இறங்கும்போது ட்ரூநாஸ் (சேமிப்புக் கணினிக்கான இயங்குதளம்) தானாகவே ஒழுங்காக அணைய வேண்டும். மிரர் இருக்கிறது என்று பேக்கப்பை விட்டுவிட மாட்டேன். மூன்றாவதாக ஒரு டிஸ்க் கடலூரில் தங்கை வீட்டுக்குப் போகும்.

அதற்கெல்லாம் முன்னால் கேபினட். இப்போது கிடைக்கிறவை கண்ணாடியும் கலர் விளக்கும்தான், பெரிய டிஸ்க் வைக்க இரண்டு இடம் இருந்தால் அதிகம். பழைய இரும்புக் கடையில் ஆறு டிஸ்க் வைக்கும் கேபினட் ஒன்று தூசியோடு கிடக்கிறது, முன்னூறு ரூபாய் கேட்கிறார். அதுவரை இரண்டு டிஸ்க்கும் பிளைவுட் சட்டத்தில், ஒரு 120 மில்லிமீட்டர் ஃபேனுக்கு எதிரே நிற்கின்றன. ஃபேன் வைப்பதற்கு முன் 47 டிகிரி, இப்போது 39.