செக் என்றால் ராஜா

பாங்கில் போடுவது செக். கட்டம் போட்ட சட்டைக்குப் பேர் செக் சட்டை. லாரியை மடக்குகிற இடம் செக்போஸ்ட். சதுரங்கத்தில் எதிராளியின் ராஜாவுக்குக் குறி வைத்தால் அதுவும் செக். நாலும் ஒரே சொல்தான். இங்கிலீஷ் வழியாக வந்ததால் இங்கிலீஷ் என்று நினைக்கிறோம். உண்மையில் அது 'ஷா', பாரசீக மன்னனின் பட்டம்.

பழம் பாரசீகத்தில் இதன் வடிவம் 'க்ஷாயதிய'. மேற்கு ஈரானில் பெகிஸ்தூன் மலைப்பாறையில் கி.மு. 520 வாக்கில் முதலாம் டேரியஸ் மூன்று மொழிகளில் வெட்டிவைத்த கல்வெட்டு, 'நான் டேரியஸ், பேரரசன், அரசர்க்கரசன்' என்றுதான் தொடங்குகிறது. அந்த அரசன்தான் க்ஷாயதிய. ஆளுதல் என்ற பொருளுள்ள 'க்ஷய்' அதன் வேர். வடமொழி க்ஷத்ரம், க்ஷத்ரியன் எல்லாம் அதே வேரில் முளைத்தவை. ஆக நம் சத்திரியன் ஷாவுக்குப் பிள்ளையல்ல, பங்காளி. நாளடைவில் முன்னால் நின்ற 'க்' உதிர்ந்தது, நடுவிலிருந்த 'த' மெலிந்து 'ஹ' ஆனது, மிச்சம் 'ஷாஹ்'. பின்னால் ஈரானை ஆண்ட சாசானிய மன்னர்கள் காலத்தில் அரசர்க்கரசன் 'ஷாஹான் ஷாஹ்' ஆகிவிட்டான்.

இந்தச் சொல் போன இடமெல்லாம் முதலில் இடறியது அந்த 'ஷ' ஒலியில்தான். குஷாண மன்னன் கனிஷ்கரின் காசைப் பாருங்கள். அவருடைய தொடக்கக் காசுகளில் கிரேக்க மொழியில் 'பசிலேயுஸ் பசிலேயோன்', அதாவது அரசர்க்கரசன், என்றிருக்கும். பிறகு அதை எடுத்துவிட்டு, ஆப்கானிஸ்தான் பக்கத்து ஈரானிய மொழியான தம் பாக்திரியத்தில் அதே பொருளில் 'ஷாஓனானோ ஷாஓ' என்று பொறித்தார்கள். எழுத்து மட்டும் கிரேக்கமே. ஆனால் கிரேக்கத்தில் 'ஷ' கிடையாது. அதற்காகவே ஒரு புது எழுத்தைச் சேர்த்தார்கள்: நெட்டுக்கோடு, அதன் வலப்பக்கம் ஒரு வயிறு. காசின் விளிம்பில் அந்த வயிற்றெழுத்து தென்பட்டால் பாக்திரிய வாசகம் என்று சட்டென்று பிரித்துவிடலாம். நாலாம் நூற்றாண்டில் சமுத்திரகுப்தரின் அலகாபாத் தூண் கல்வெட்டு, 'தைவபுத்ர ஷாஹி ஷாஹானுஷாஹி' என்று குஷாணர்களின் பட்டத்தை அப்படியே வடமொழி வரிக்குள் வைத்திருக்கிறது.

ஐரோப்பாவுக்குப் பட்டமாகப் போகவில்லை, ஆட்டத்தில் ஒரு கூப்பாடாகப் போனது. இங்கிருந்து போன சதுரங்கம் பாரசீகத்தில் 'சத்ரங்', அரபியில் 'ஷத்ரஞ்ச்'. ராஜா ஆபத்தில் இருந்தால் 'ஷாஹ்!' என்று சொல்லி எச்சரிக்க வேண்டும். அரபுகளிடமிருந்து கேட்ட ஐரோப்பியக் காதுக்கு கடைசி 'ஹ்' வல்லினமாக, 'க்' ஆகவே விழுந்தது. லத்தீனில் முதல் 'ஷ'வும் இல்லாததால் 'ஸ்காக்' என்று எழுதினார்கள். இத்தாலியில் 'ஸ்காக்கோ', ஜெர்மனில் 'ஷாக்', பழைய பிரெஞ்சில் 'எஷெக்', அங்கிருந்து இங்கிலீஷ் 'செக்'. அதன் பன்மைதான் 'செஸ்'. ராஜாவின் பெயரே ஆட்டத்துக்கும் பெயராகிவிட்டது.

'செக்மேட்' என்பதற்கு 'ராஜா செத்தான்' என்று பல புத்தகங்கள் பொருள் சொல்கின்றன, அரபியில் 'மாத' என்றால் செத்தான் என்பதால். எனக்கு அது ஒட்டவில்லை. சதுரங்கத்தில் ராஜாவை யாரும் வெட்டுவதில்லையே. பாரசீக 'மாத்' என்றால் செய்வதறியாமல் நிற்பவன். பலகையில் நடப்பது அதுதான்.

கூப்பாடு ஆனபின் பொருள் கிளைவிட்டது. 'செக்' என்றால் ராஜா தன் இஷ்டத்துக்கு ஆடமுடியாது. அதனால் தடுத்தல், பிறகு நிறுத்திச் சோதித்தல். பழைய பிரெஞ்சில் சதுரங்கப் பலகைக்குப் பெயர் 'எஷெக்கியே'. கட்டம் போட்ட துணி அதிலிருந்து. பன்னிரண்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் அரசுக் கணக்கு பார்த்த மேசையும் அதே பெயர் பெற்றது: 10 அடி நீளம், 5 அடி அகலம், வைத்தது கீழே விழாதபடி நாலு விரல் உயர விளிம்பு, மேலே கோடு போட்ட கறுப்புத் துணி. பென்னி, ஷில்லிங், பவுண்டு, இருபது, நூறு, ஆயிரம் என்று பத்தி பத்தியாக வில்லைகளை வைத்துக் கூட்டிக் கழித்தார்கள். ஒரு பக்கம் வரி வசூலித்த ஷெரீப், எதிரே பொருளாளர். 'எக்ஸ்செக்கர்' என்ற நிதித்துறைப் பெயர் அந்த மேசையின் பெயர்தான். பாங்கு செக் பின்னால் வந்தது. முதலில் சரிபார்க்க வைத்துக்கொண்ட அடிக்கட்டைக்குத்தான் அந்தப் பேர். பிறகு கிழித்துக் கொடுக்கும் தாளுக்கே மாறிவிட்டது.

கிழக்கே போன ஷா பட்டமாகவே இருந்தார். தலைவன் என்ற பொருளுள்ள 'பாத்' முன்னே சேர்ந்து பாதுஷா. துருக்கியர் வாயில் முதல் எழுத்து வல்லொலி (p), உருதுவில் மெல்லொலி (b). தமிழில் இரண்டுக்கும் ஒரே 'ப'. சூஃபி ஞானிகளுக்கும் ஷா என்று பட்டம் உண்டு. நாகூர் ஆண்டவர் ஷாகுல் ஹமீது பெயரில் ஷாஹ் பாரசீகம், 'உல் ஹமீது' அரபி. நாம் கூப்பிடும்போது நடுவில் வெட்டி 'ஷாகுல்' ஆக்கிவிட்டோம். ஷாவோடு 'பந்தர்' அதாவது துறைமுகம் சேர்ந்தால் ஷாபந்தர், துறைமுக அதிகாரி. மலாய் நாட்டுத் துறைமுகமான மலாக்காவில், 1511-இல் போர்ச்சுகீசியர் பிடிப்பதற்கு முன், நாலு ஷாபந்தர்கள் இருந்தார்கள். குஜராத்தியருக்குத் தனியாக ஒருவர், கலிங்கர் எனப்பட்ட தமிழ் வணிகருக்கு வங்காளம், பர்மாவின் பெகு, சுமத்ராவின் பாசாய் ஆட்களோடு சேர்த்து ஒருவர். இந்தோனேசியாவில் துறைமுக அதிகாரிக்கு இன்றும் அதே பெயர்.

ஷா என்று காதில் விழுவதெல்லாம் இந்த ஷா இல்லை. குஜராத்தி வணிகர்களின் ஷா, 'சாது' என்ற வடசொல் 'சாஹு' ஆகி, 'சாஹ்' ஆனது. சாயபு அரபி 'சாஹிப்'. சபாஷில் மன்னனைத் தேடுகிறவர்களும் உண்டு. அது 'ஷாத் பாஷ்', சந்தோஷமாக இரு என்று வாழ்த்துவது.