கொல்லையை இழந்த அடுப்படி

கிராம சுகாதாரச் செவிலியர் என்றால் தடுப்பூசியும் கர்ப்பிணிப் பதிவும்தான் பலருக்கு நினைவு வரும். நாகப்பட்டினம் கடலோரத்தில் இந்த வேலையைப் பார்த்ததில் நான் அதிகம் கவனிக்கத் தொடங்கிய இடம் அடுப்படி. பிள்ளைக்கு ஆறு மாதம் முடிந்து, தாய்ப்பாலோடு கூழும் பருப்புச் சோறும் ஊட்ட ஆரம்பிக்கும் காலத்தில்தான் வயிற்றுப்போக்கு அடிக்கடி வரும். ஓ.ஆர்.எஸ். பொட்டலமும் 14 நாளைக்கு ஜிங்க் மாத்திரையும் கொடுத்தால் பிள்ளை தேறிவிடும். ஆனால் சில வீடுகளில் கொஞ்ச நாளிலேயே மறுபடியும் போகும். அதனால்தான் “அடுப்படியைக் கொஞ்சம் பாக்கட்டுமாம்மா?” என்று கேட்டுவிட்டு உள்ளே போகும் பழக்கம் வந்தது.

அந்த அடுப்படிகள் அழுக்காக இருக்கவில்லை. வசதி குறைந்த வீட்டில் நோய் வந்தால் உடனே ‘சுத்தமில்லை’ என்று சொல்லிவிடுகிறார்கள். எனக்கு அதில் கோபம் உண்டு. பாத்திரம் துலக்கிக் கவிழ்த்திருக்கும், தரை ஈரத்துணியால் துடைத்திருக்கும். சிக்கல் வேலையின் வரிசையில் இருந்தது. மீனை ஆய்ந்த அரிவாள்மனையை ஒரு செம்புத் தண்ணீரில் அலசிவிட்டு, அதிலேயே சோற்றுக்கு வெங்காயம் அரிவார்கள். அந்த வெங்காயம் வேகாமல் தயிரில் விழும். மீன் கொதித்துவிடும், அதனால் மீனால் கெடுதல் இல்லை. பச்சடிதான் நோயைக் கொண்டுவரும்.

ஒரு வீட்டில் இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது திண்ணையில் இருந்த அப்பாயி குறுக்கிட்டார். “எங்க காலத்துல மீன் அலசுன தண்ணி வாசப்படி ஏறாது நர்ஸம்மா.” மீனுக்கென்று ஓர் அரிவாள்மனை கொல்லையில் கிடக்குமாம். கிணற்றடியில் சாம்பல் போட்டுத் தேய்த்து, கல்லுப்பில் அலசி, குழம்புச் சட்டியில் போடும் பக்குவத்தில்தான் மீன் உள்ளே வரும். பச்சை மாமிசத்தையும் சமைத்ததையும் பிரித்து வை என்று உலக சுகாதார நிறுவனம் 2001ல் ஐந்து விதிகளில் ஒன்றாகச் சொன்னதை அந்த வீட்டுக் கொல்லை அதற்கு முன்பே செய்துகொண்டிருந்தது.

அப்புறம் வீடுகள் மாறின. 2004 சுனாமிக்குப் பிறகு எழுந்த குடியிருப்புகளில் வீடுகள் நெருக்கம், கொல்லை குறைவு. ஊருக்குள் கட்டிய புது வீடுகளிலும் சிங்க் அடுப்படிக்குள்ளேயே வந்துவிட்டது. ஒரே குழாய், ஒரே மேடை, ஒரே பலகை. பிரித்து வைத்திருந்தது இடம். அது போனதும் பழக்கமும் போய்விட்டது. அந்த மருமகள்களைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? இடத்தால் பிரிக்க முடியாததை நேரத்தால் பிரிக்கலாம் என்பதுதான் நான் சொன்னது. முதலில் காய்கறியைக் கழுவி நறுக்கி மூடி வைத்துவிடுங்கள். தேங்காய், கொத்தமல்லி, பிள்ளைக்கு வேண்டியது எல்லாம் முடியட்டும். மீனும் கறியும் கடைசி. அது முடிந்ததும் பலகை, கத்தி, சிங்க், கை நான்கையும் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். தனியாக ஒரு பலகை வாங்க முடிந்தால் இன்னும் நல்லது.

கோழியில்தான் வாக்குவாதம் வரும். பிரிட்டன், அமெரிக்காவின் உணவுப் பாதுகாப்புத் துறைகள் கோழிக்கறியைக் கழுவவே வேண்டாம் என்கின்றன. குழாய்த் தண்ணீர் பட்டுத் தெறிக்கும்போது சால்மோனெல்லா போன்ற கிருமிகள் பக்கத்துப் பாத்திரங்களுக்குப் போகும். கொதியில்தான் அவை சாகும். காரணம் சரிதான். ஆனால் இரத்தமும் எலும்புத் தூளுமாகப் பையில் வரும் கறியை மஞ்சள் போட்டு அலசாமல் சமைக்க நம் வீடுகளில் யாருக்கும் மனம் வராது. அதனால் நான் நடுவழி சொல்வேன்: குழாயைத் திறந்துவிட்டுக் கழுவாதீர்கள். அகலப் பாத்திரத்தில் தண்ணீர் பிடித்து, அதற்குள்ளேயே மெதுவாக அலசி, தண்ணீரைத் தெறிக்காமல் ஊற்றுங்கள். மஞ்சள் கிருமியைக் கொன்றுவிடும் என்று நம்பி அடுத்த வேலைக்குப் போகாதீர்கள்.

அரிவாள்மனை, கத்தி எல்லாம் சரியாக இருந்தும் கரித்துணி கெடுத்த வீடுகள் உண்டு. மேடையைத் துடைத்த ஈரத்துணியிலேயே கையையும் பிள்ளையின் கிண்ணத்தையும் துடைப்பார்கள். பிள்ளையின் கிண்ணத்தைத் துடைக்கவே வேண்டாம், கழுவிக் கவிழ்த்தால் தானாகக் காயும்.

மீனில் இன்னொன்று இருக்கிறது, கொதிக்க வைத்தாலும் போகாதது. மத்தி, கானாங்கெளுத்தி, சூரை மாதிரி மீன்கள் வெயிலில் கிடந்தால் அவற்றில் ஹிஸ்டமின் என்ற நச்சுப்பொருள் சேரும். சூடு அதை அழிக்காது. சாப்பிட்டுக் கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து, தலை வலித்து, உடம்பு தடிக்கும். ‘மீன் ஒத்துக்கலை’ என்பார்கள். பல நேரம் மீன் ஒத்துக்கொள்ளாமல் இல்லை, ஐஸ் இல்லாமல் கிடந்த மீன் அது. காலையில் வாங்கிப் பையோடு வண்டியில் மாட்டிவிட்டு, டீக்கடையில் பேசிவிட்டு மதியம் வீட்டுக்கு வரும் அண்ணன்களிடம் இதைத்தான் சொல்வேன். வாங்கும்போதே மீன் விற்கும் அக்காவிடம் இரண்டு கை ஐஸ் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள், நேரே வீட்டுக்குப் போங்கள். உடனே ஆய முடியாவிட்டால் ஃப்ரிட்ஜில் கீழ்த்தட்டில், மூடிய டப்பாவில் வையுங்கள். மேல்தட்டில் வைத்தால் அதன் தண்ணீர் கீழே இருக்கும் மாவிலும் பாலிலும் சொட்டும்.