மாறியது யாருடைய நிரல்?

எங்கள் மென்பொருளைப் பயன்படுத்தும் ஆலையின் நிரலாளர் அன்று தொலைபேசியில் சொன்னது தவறு என்று வரி வரியாக என்னால் நிரூபிக்க முடியும். நிரூபிக்கவும் செய்தேன். "சார், என் நிரலில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. நேற்றுவரை ஓடியது. மாறியது உங்களுடையதுதானே?" என்று கேட்டார். கால்பேக்குக்குள், அதாவது ஒரு நிகழ்வு வந்ததும் எங்கள் மென்பொருள் கூப்பிடும் நிரல்துண்டுக்குள், காத்திருக்கும் வேலை எதையும் செய்யக் கூடாது, அது எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக ஓட்டும் லூப்பையே நிறுத்திவிடும், ஆவணத்தில் தெளிவாக எழுதியிருக்கிறோம் என்றேன். எந்தப் பக்கம் என்றும் சொன்னேன். சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, "சரி சார், படித்துப் பார்க்கிறேன்" என்று வைத்துவிட்டார். சண்டை போட்டிருந்தால் மறந்திருப்பேன்.

அது ஒரு சர்க்கரை ஆலை. அதன் கணினிப் பிரிவில் நிரல் எழுதத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். எங்கள் மென்பொருள் அங்கே எடைமேடையில் ஓடுகிறது. கரும்பு வண்டி ஏறியதும் மொத்த எடை, இறக்கிவிட்டுத் திரும்பும்போது வெற்று வண்டியின் எடை, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்துக்கு விவசாயிக்குப் பணம். இதற்கு நடுவே ஒவ்வோர் ஆலைக்கும் ஒரு தனித் தேவை இருக்கும். ஒருவருக்கு வண்டியில் ஒட்டிய ஆர்எஃப்ஐடி டேக்கை (ரேடியோ அலையால் படிக்கும் அடையாள அட்டை) படிக்க வேண்டும், இன்னொருவருக்கு விவசாயிக்கு எஸ்எம்எஸ் போக வேண்டும், இவருக்கு, கரும்பை வெட்ட ஆலை தரும் வெட்டு உத்தரவு செல்லுபடியாகிறதா என்று ஆலையின் டேட்டாபேஸில் பார்க்க வேண்டும்.

பழைய அமைப்பில் கருவிக்கு ஒரு திரெட் (மற்றவற்றோடு ஒரே நேரத்தில் தனியாக ஓடும் இழை), ஆலையின் இணைப்புக்கு ஒரு திரெட். ஒன்று தொடுவதை இன்னொன்று தொடாதபடி அவற்றுக்கிடையே பூட்டுகள், பூட்டுகளுக்குள் பூட்டுகள். எந்த மாற்றத்தையும் தொடப் பயந்தோம். எல்லாவற்றையும் பைதான் மொழியின் அசின்க்ஐஓ நூலகத்தின் மேல் ஒரே ஈவென்ட் லூப்பாக மாற்றி, ஆலைகளின் சொந்த இணைப்புகளைத் தனிக் கோப்புகளாகச் செருகும்படி செய்ததுதான் நான் எடுத்துக்கொண்ட மறுசீரமைப்பு. நல்ல வேலை என்றே இன்றும் நினைக்கிறேன். எடை அறைகளில் இருப்பவை விண்டோஸ் கணினிகள்; பைதான் 3.8இல் விண்டோஸின் இயல்பான லூப் செலக்டர் என்ற வகையிலிருந்து புரோஆக்டர் என்ற வகைக்கு மாறியது. ஓர் இணைப்பில் தரவு வந்தால் கூப்பிடச் சொல்லும் ஆட்_ரீடர் புரோஆக்டரில் கிடையாது. அதையே நம்பி ஆங்காங்கே எழுதியிருந்த சோதனை நிரலையெல்லாம் ஓர் இடத்துக்குக் கொண்டுவந்ததே பெரிய நிம்மதி.

அந்த லூப்பின் உள்ளே நடப்பது எளிமையானது. ஒவ்வொரு சுற்றிலும் அடுத்த டைமர் எப்போது என்று பார்த்து, அதுவரை இயங்குதளத்திடம் காத்திருந்து, வந்த நிகழ்வுகளை வரிசையில் சேர்த்து, அந்த நேரத்தில் வரிசையில் எத்தனை கால்பேக் இருக்கிறதோ அத்தனையை மட்டும் ஓட்டும். ஓடும்போது புதிதாகச் சேர்பவை அடுத்த சுற்றுக்கு. ஒன்று ஓடும்போது வேறெதுவும் குறுக்கே வராது என்பதால்தான் பூட்டுகளைத் தூக்கி எறிய முடிந்தது. அதே காரணத்தால், ஒன்று நின்றால் எல்லாம் நிற்கும்.

ஆலைக்காரரின் கோப்பு மிகச் சிறியது. வண்டி ஏறியதும் டேட்டாபேஸைக் கேட்கும், பதில் வரும்வரை அங்கேயே நிற்கும். சர்வர் வேறு கட்டடத்தில் இருக்கிறது. அரவைப் பருவத்தில் அதற்கு ஆயிரம் வேலை. முன்பு அவருடைய திரெட் மட்டும் நின்றது, யாருக்கும் தெரியவில்லை. இப்போது திரையே சில விநாடிகள் உறைந்தது. வெளியே எடைக் கருவியின் சிவப்பு எண்கள் ஒன்றைக் காட்ட, உள்ளே எங்கள் திரை முந்தைய வண்டியின் எடையைக் காட்டிக்கொண்டிருந்தது. வெட்டிய கரும்பு காத்திருக்கக் காத்திருக்க எடை குறையும் என்பது அங்கே வண்டியோடு நிற்கும் ஒவ்வொருவருக்கும் தெரியும். எடைமேடையின் மேல் ஏற்கெனவே சந்தேகம் உள்ளவர்கள் அவர்கள். இரண்டு திரையில் இரண்டு எண்ணைப் பார்த்தால் என்ன நினைப்பார்கள்?

விதி என் கண்டுபிடிப்பு அல்ல. இதே போல லூப்பின் மேல் ஓடும் ட்விஸ்டெடும் நோடும் இதையேதான் சொல்கின்றன. லூப்புக்குள் வருகிறவர் காத்திருக்கக் கூடாது. அசின்க்ஐஓவின் பிழைதேடும் (debug) முறையை இயக்கினால், 100 மில்லி விநாடிக்கு மேல் எடுத்துக்கொள்ளும் கால்பேக்கைப் பெயர் சொல்லிப் பதிவேட்டில் எழுதும். சோதனையின்போது அதை இயக்கச் சொல்லி ஆலைக்காரருக்கு எழுதியிருந்தோம். இவ்வளவும் செய்த பிறகு என் பக்கம் என்ன குறை? ஆனால் பழைய திரெட் அமைப்பில் எழுதிய கோப்பு புதியதிலும் அப்படியே ஓடும் என்று அறிவித்ததும் நாங்கள்தான். எந்தப் பொருளில் ஓடும் என்று அவர் கேட்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை.

அன்று மாலை, பக்கத்து மேசையிலிருக்கும் சக பொறியாளர் கேட்ட ஒரு கேள்விதான் என்னை அதிகம் தொந்தரவு செய்கிறது. அவர் என்னைவிட இளையவர், நிரல் மதிப்பாய்வில் என்னை விடவே மாட்டார். "ஆர்எஃப்ஐடி கம்பெனியின் டிஎல்எல்லுக்கும் ஆவணப் பக்கம் அனுப்பினீர்களா, சார்?"

அனுப்பவில்லை. டேக்கைப் படிக்க அந்தக் கம்பெனி தரும் மூடிய நிரல்கோப்புதான் டிஎல்எல். அதற்கென்று சொந்த மெசேஜ் லூப் உண்டு. முதன்மைத் திரெட் தனக்குத்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கும். அதற்காக நான் எவ்வளவு வளைந்தேன்! வலை நுட்பத்தில் கணினிச் செயலி எழுத உதவும் எலக்ட்ரான் எப்படி உலாவியான குரோமியத்தின் லூப்பையும் நோடின் லூப்பையும் சேர்த்து வைக்கிறது என்று படித்தேன். நோடுக்கு நிகழ்வு வந்திருக்கிறதா என்று ஒரு தனித் திரெட் காத்திருந்து, வந்ததும் முதன்மை லூப்புக்குச் சொல்லும். பைதானின் இன்னொரு நூலகமான டிரையோவில் விருந்தாளி முறை என்றே ஒன்று இருக்கிறது. இன்னொருவரின் லூப்புக்குள் அது அடங்கி ஓடும். அதையெல்லாம் பார்த்துவிட்டு, முதன்மைத் திரெட்டை டிஎல்எல்லுக்கே விட்டுக்கொடுத்து, எங்கள் லூப்பை வேறு திரெட்டுக்கு நகர்த்தினேன். அப்போதும் ஒரு விசித்திரம்: டேக் எண் உடனே திரைக்கு வராது, வண்டி சற்று அசைந்தால்தான் வரும். எடை மாறினால் மட்டும் தகவல் அனுப்பும்படி கருவியை அமைத்திருந்தோம். இன்னொரு திரெட்டிலிருந்து கால்_சூன் என்று கூப்பிட்டால் வேலை வரிசையில் சேரும், ஆனால் தூங்கும் லூப் எழாது. கால்_சூன்_திரெட்சேஃப்தான் ஒரு பைட் எழுதி அதைத் தட்டி எழுப்பும். அந்த டிஎல்எல்லுக்காக இதைப் பொறுமையாகத் தேடிக் கண்டுபிடித்தேன். ஒரு முறைகூட அதன் மேல் கோபம் வரவில்லை.

டிஎல்எல் போன்ற மூடிய பைனரியை யாரும் மாற்ற முடியாது, ஆலைக்காரரின் கோப்பை அவரே ஒரு மதியத்தில் மாற்றிவிடலாம் என்று சக பொறியாளரிடம் சொன்னேன். பொறியியல் நியாயம்தான், இப்போதும் அதில் ஓட்டை எதுவும் தெரியவில்லை. "மாற்றக்கூடியவர் என்பதால் அவரை மாறச் சொல்கிறோம்" என்றார் அவர், கேள்வியாக அல்லாமல்.

பிறகு, அசின்க் (காத்திருக்கும்போது லூப்புக்கு வழிவிடும் வகை) இல்லாத சாதாரண ஃபங்ஷனாக இணைப்புக் கோப்பில் எது வந்தாலும் லூப்புக்கு வெளியே ஒரு திரெட்டில் ஓட்டிவிடலாம் என்று முடிவெடுத்தேன். தன் நிரல் மாறாமல் ஓட வேண்டும் என்று ஆலைக்காரர் தொலைபேசியில் கேட்டது கிட்டத்தட்ட அதுதான். நான் தோற்றுப்போய்க் கொடுத்ததாக யாரும் நினைக்கக் கூடாது என்பதற்காகவோ என்னவோ, வெளியீட்டுக் குறிப்பில் இதைச் செயல்திறன் மேம்பாடு என்று எழுதினேன். மதிப்பாய்வில் சக பொறியாளர் உடனே பிடித்தார்: இயல்பான திரெட் கூட்டத்தில் நான்கு கோர் கணினியில் எட்டுத் திரெட்டுகள்வரை இருக்கும், மொத்த எடையை முந்திக்கொண்டு வெற்று எடை ஆலையின் டேட்டாபேஸுக்குப் போய்விட்டால்? ஆகவே இணைப்புக்கு ஒரே ஒரு திரெட், அதற்கு முன்னால் ஒரு கியூ. வரிசை மாறாது. திரை உறையாது. ஆலைக்காரர் ஒரு வரியும் மாற்றத் தேவையில்லை.

இதில் எனக்கு முழுத் திருப்தி இல்லை. முன்பு தாமதம் திரையில் தெரிந்தது, எல்லோரும் கத்தினார்கள், சர்வரைப் பார்த்தார்கள். இப்போது தாமதம் கியூவுக்குள் அமைதியாக வளர்கிறது. செல்லுபடியாகாத வெட்டு உத்தரவு என்று பதில் வருவதற்குள் வண்டி மேடையை விட்டு இறங்கியிருக்கலாம். அப்படியென்றால் அந்தச் சோதனைக்கு என்ன பொருள்? ஒருவேளை திரை நிற்பதே நேர்மையான நடத்தையோ? அப்படி நினைக்கும்போது தொலைபேசியில் நான் சொன்னதே சரி என்று படுகிறது. அடுத்த கணம், சரியாக இருந்தும் அதை ஏன் பக்க எண்ணோடு சொன்னேன் என்று படுகிறது.

கியூவுக்கு ஒரு வரம்பு வைத்திருக்கிறேன். நிரம்பினால் பழையதைத் தூக்கிப் போடுவதா, எடை போடுவதையே நிறுத்துவதா என்பதை அமைப்புக் கோப்பில் ஆலைகளே தேர்ந்துகொள்ளலாம் என்று விட்டிருக்கிறேன். நான் முடிவெடுக்க விரும்பாத எதையும் அமைப்புக் கோப்பில் தள்ளிவிடுவது என் பழக்கம் என்கிறார் சக பொறியாளர். அடுத்த அரவை தொடங்கும் முன் அந்த ஆலைக்காரரையே கூப்பிட்டு எது வேண்டும் என்று கேட்டுவிடலாம் என்றும் சொல்கிறார். கேட்கலாம்தான். "ஆவணத்தில் எப்படிப் போட்டிருக்கிறீர்களோ அப்படியே இருக்கட்டும், சார்" என்று சொல்லிவிடுவாரோ என்றுதான் தள்ளிப்போட்டுக்கொண்டிருக்கிறேன்.